கடலூர் ஓட்டக்காரர்

பரிசு கிடைக்காது என்று நன்றாகத் தெரிந்தும் பணம் கட்டிப் பந்தயத்தில் ஓடுபவரே பொழுதுபோக்கு ஓட்டக்காரர். கடலூர் வட்டாரத்தில் இவரை அதிகம் காணக்கூடிய இடம் தேவனாம்பட்டினம் கடற்கரை, ஊரார் வாயில் சில்வர் பீச். காணக்கூடிய நேரம் அதிகாலை நாலரை முதல் ஆறரை வரை. அதற்குமேல் வெயில் ஏறிவிடும். கடலோரப் புழுக்கத்தில் வியர்வை காயாது. காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது, சட்டையை மட்டும் நனைக்கும். மஞ்சக்குப்பத்து வீட்டிலிருந்து கடற்கரைக்கு அவர் பைக்கில்தான் வருவார். வண்டியைப் பூட்டிவிட்டுப் பத்து கிலோமீட்டர் ஓடி, மறுபடி வண்டியேறி வீட்டுக்குப் போவார். இதில் என்ன முரண்பாடு என்று அவருக்கு இதுவரை விளங்கியதில்லை.

வயது பெரும்பாலும் நாற்பதுக்கும் ஐம்பத்தைந்துக்கும் இடையே. வங்கி, பள்ளிக்கூடம், மருந்துக்கடை, சிப்காட் தொழிற்சாலை என்று தொழில் எதுவாகவும் இருக்கலாம். பெண்களும் ஓடுகிறார்கள், அவர்கள் எண்ணிக்கையிலும் குறைவு, பேச்சிலும் குறைவு என்பதால் இந்தச் சித்திரத்துக்கு அதிகம் பயன்படவில்லை.

ஓட்டக்காரர் பிறப்பது ஒரு ரத்தப் பரிசோதனைச் சீட்டிலிருந்து. மூன்று மாதச் சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு மருத்துவர் “நடங்க சார்” என்பார். முதல் ஆறு மாதம் நடை. பிறகு ஒரு நாள், பென்ஷன் வாங்கும் ஒரு பெரியவர் கைவீசி நடந்து இவரைத் தாண்டிப் போவார். அவரை மறுபடி முந்துவதற்காக இவர் எடுத்துவைக்கும் இருபது முப்பது எட்டுகள்தான் தொடக்கம். அரசின் ஊக்கமும் பின்னால் வந்து சேர்ந்தது. 2021-ல் மக்கள் நல்வாழ்வுத்துறை அமைச்சரான மா. சுப்பிரமணியன் நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்கள் ஓடியவர். அவர் காலத்தில், 2023 நவம்பரில், மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை ஒன்றை வரையறுக்கும் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டம் தொடங்கியது. அமைச்சரே ஓடுகிறார் என்ற வாதம் அப்போது வீட்டில் இரண்டு நாள் செல்லுபடியானது. மூன்றாம் நாள், “அவருக்கு வீட்டுக்குத் தண்ணி கேன் தூக்கிப் போட வேற ஆள் இருக்கும்ங்க” என்ற பதில் வந்துவிட்டது.

நெடுந்தூரம் கால்நடையாக வருவது தேவனாம்பட்டினத்துக்குப் புதிதல்ல. 1746-ல் சென்னைக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தபோது, அங்கே எழுத்தராக இருந்த ராபர்ட் கிளைவ் மாறுவேடத்தில் தப்பி, மூன்று கூட்டாளிகளோடு நடந்தே வந்து சேர்ந்தது இங்கிருந்த புனித டேவிட் கோட்டைக்குத்தான். அவர்களுக்கு மார்பில் எண் அட்டையோ கழுத்தில் மெடலோ கிடையாது. பத்து ஆண்டு கழித்துக் கிளைவ் அதே கோட்டைக்கு ஆளுநராக வந்தார். எந்தப் பந்தயத்திலும் இவ்வளவு பெரிய பரிசு அறிவிக்கப்படுவதில்லை.

தூரத்தை அளப்பதிலும் ஊருக்கு ஒரு மரபு உண்டு. 1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனி மராட்டியரிடம் கோட்டையை வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் எல்லைவரை உள்ள ஊர்கள் எல்லாம் கம்பெனிக்கு என்று பேச்சு. சுற்றிலும் சுட்டு எல்லை வகுத்தார்கள். குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயர் அந்தக் கணக்கை இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. மாரத்தானின் 42.195 கிலோமீட்டரும் அப்படியொன்றும் புனிதமான கணக்கல்ல. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் விண்ட்சர் கோட்டையில் கிளம்பி, விளையாட்டரங்கில் அரச குடும்பம் உட்கார்ந்திருந்த இடத்துக்கு முன்னால் முடிப்பதற்காக அமைந்த தூரம் அது. 1921-ல் அதையே நிலையாக்கிவிட்டார்கள். மஞ்சக்குப்பத்திலிருந்து ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாகச் சிதம்பரம் போகும் சாலை அதைவிடச் சற்றுத்தான் கூடுதல். பேருந்து ஜன்னல் வழியாக அந்த வழியைப் பார்க்கும் ஓட்டக்காரர், புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் முழு மாரத்தான் ஆசையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்துவிடுவார்.

கருவிகளில் முதன்மையானது காலணி. அதன் உண்மை விலை தெரிந்தவர்கள் இருவர்தான்: அவர், கடைக்காரர். வீட்டில் சொல்லப்படும் விலை உண்மை விலையில் மூன்றில் ஒரு பங்கு. காலணி அறுநூறு, எழுநூறு கிலோமீட்டர் வரை உழைக்கும் என்று படித்ததிலிருந்து அது ஓடிய தூரத்துக்குக் கணக்கு வைத்திருப்பார். பைக்குக்கு எப்போது ஆயில் மாற்றினோம் என்பது நினைவிருக்காது. 1978-ல் இரண்டு மணி பன்னிரண்டு நிமிடத்தில் மாரத்தானை முடித்து, பல பத்தாண்டுகள் முறியடிக்கப்படாத இந்தியச் சாதனையைப் படைத்த சிவ்நாத் சிங், வெறுங்காலோடு ஓடுவதற்குப் பெயர் போனவர். ஓட்டக்காரருக்கு இது தெரியும். வீட்டில் சொல்லமாட்டார்.

அடுத்தது கடிகாரம். துடிப்பு, தூரம், வேகம், தூக்கம் எல்லாம் காட்டும், மணியும் காட்டும். செயற்கைக்கோள் வழியாக அது சொல்லும் தூரமே அவருக்கு வேதவாக்கு. கடற்கரைக்குப் போகாமல் வீட்டிலிருந்தே ஓடும் நாளில், வாசலுக்குத் திரும்பும்போது 9.87 என்று காட்டினால், மிச்சம் 130 மீட்டருக்காகத் தெருவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடுவார். பால் பாக்கெட் எடுக்க வெளியே வந்த எதிர்வீட்டு அம்மா, வீட்டில் ஏதோ சண்டை போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு உள்ளே போய்விடுவார். ஓடி முடித்ததும் படத்தோடு குழுவுக்குச் செய்தி போகும்: “10 கி.மீ., 64 நிமிடம், எதிர்க்காற்று.” தாழங்குடா பக்கம் போகும்போது எதிர்க்காற்று என்றால் திரும்பும்போது அது பின்காற்றுதான். அதைக் குறிப்பிட்ட செய்தி இதுவரை வந்ததில்லை.

பயிற்சிக் களத்தில் மணல் ஒரு தனிப் பாடம். மேட்டு மணல் காலை இழுக்கும். அலை நனைத்த ஓரத்து மணல் கெட்டி, ஆனால் கடலை நோக்கிச் சாய்ந்திருக்கும். ஒரே திசையில் ஓடினால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் இருப்பதால் இடுப்பு மறுநாள் முறையிடும். நாய்கள் நடப்பவரை விட்டுவிடும், ஓடுபவரை விடாது. அவருடைய மிக வேகமான 200 மீட்டர்கள் எல்லாம் நாய்களின் ஒத்துழைப்பால் கிடைத்தவை. விடிகாலையில் வலையிலிருந்து மீன் எடுத்துக்கொண்டிருப்பவர்கள் தினமும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: “என்னா சார், பஸ்ஸ வுட்டுட்டீங்களா?” நள்ளிரவில் கடலுக்குப் போய், கட்டுமரத்தையும் ஃபைபர் படகையும் மணலில் இழுத்து ஏற்றியவர்களுக்கு, ஒருவர் காசு செலவழித்து வியர்வை தேடுவது வேடிக்கையாகத் தோன்றுவதில் தவறு சொல்ல முடியாது. மாசி மகத்தன்று சுற்றுவட்டாரச் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு இந்தக் கரைக்கு வந்துவிடுவதால் ஓட இடமிருக்காது. அன்றும் போவார், கூட்டத்தால் நேரம் கூடிவிட்டது என்று குறிப்பு எழுதிவைப்பார்.

மேடேறும் பயிற்சிக்கு, தட்டையான இந்த ஊரில் இருப்பது கேப்பர் மலை ஒன்றுதான். செம்மண் மேடு, மலை என்பது மரியாதைக்குச் சொல்வது. மத்திய சிறை இருப்பதும் அங்கேதான். இருட்டில் சிறைப்பக்கமிருந்து ஊர்ப்பக்கமாக மூச்சிரைக்க ஒருவர் ஓடிவந்தால் எதிரே வரும் பால்காரருக்கு என்ன தோன்றும் என்பதை எண்ணி, அவர் ஏறும்போது ஓடி, இறங்கும்போது நடக்கிறார். முழங்காலுக்கு அதுதான் நல்லது என்று கேட்பவர்களிடம் விளக்கம் சொல்வார்.

சிதம்பரத்து ஓட்டக்காரரின் தொல்லை வேறு வகை. அண்ணாமலைப் பல்கலைக்கழக வளாகத்து மர நிழலில் ஓடுபவருக்குக் குறையில்லை. தேரோடும் நான்கு வீதிகளைச் சுற்றி ஓடுபவருக்குத்தான் சிக்கல். தடகளப் பாதையில் இடப்புறமாகச் சுற்றுவது உலக வழக்கம். வீதியில் அப்படிச் சுற்றினால் நடராசரை அப்பிரதட்சணமாக வந்ததாகும். பெரியவர் ஒருவர் திண்ணையிலிருந்து கையசைத்துத் திருப்பிவிடுவார். மார்கழியில் வாசல்தோறும் கோலம் வேறு தெருவை அடைத்திருக்கும். மிதிக்காமல் தாண்டித் தாண்டி ஓடுவதால் அந்த ஒரு மாதம் தடை ஓட்டப் பயிற்சி இலவசம்.

உள்ளூர்ச் சாலைப் பந்தயத்தின் நோக்கம் விழிப்புணர்வு. போதை ஒழிப்பு, ரத்த தானம், வாக்களிப்பு, நெகிழி ஒழிப்பு என்று எதற்கு வேண்டுமானாலும் ஐந்து கிலோமீட்டர் மினி மாரத்தான் நடக்கும். ஆறு மணிக்குத் தொடக்கம் என்றால் சிறப்பு விருந்தினர் ஏழுக்கு வருவார். அதுவரை மேடையில் ஒருவர் ஒலிபெருக்கியோடு உடற்பயிற்சி நடன வகுப்பு எடுப்பார். ஓட்டக்காரரின் சக்தியில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். டி-ஷர்ட்டில் அவர் அளவு மட்டும் தீர்ந்திருக்கும். கொடி அசைந்ததும் கபடி விளையாடும் பையன்களும் மீனவக் கிராமத்து இளைஞர்களும் செருப்பைக் கையில் பிடித்தபடி பறந்துவிடுவார்கள். முதல் பரிசு எப்போதும் செருப்பில்லாதவருக்கே. அமைப்பாளர்கள் பைக் மீட்டர் பார்த்துக் குறித்த ஐந்து கிலோமீட்டரை ஓட்டக்காரரின் கடிகாரம் 4.6 என்று காட்டும். பீரங்கி வைத்து அளந்த ஊரில் 400 மீட்டர் ஒரு பொருட்டல்ல. ஆனால் அவர் விடமாட்டார். மெடலைக் கழுத்தில் போட்டுக்கொண்டே தன்னார்வலப் பையனிடம் கடிகாரத்தை நீட்டி வாதாடுவார். பையன், “அங்கிள், வாழைப்பழம் எடுத்துக்குங்க” என்பான்.

புதுச்சேரிக்கோ சென்னைக்கோ போய் ஓடும் அரை மாரத்தான், அதாவது 21.0975 கிலோமீட்டர், குடும்பத்தையே பாதிக்கும் நிகழ்ச்சி. மாவுச்சத்து உடம்பில் கிளைகோஜனாகச் சேர்ந்து எரிபொருளாகிறது. முழு மாரத்தானில் முப்பதாவது கிலோமீட்டரை ஒட்டி அது வற்றும்போதுதான் கால்கள் கல்லாகின்றன. எனவே நெடுந்தூரம் ஓடுபவர்கள் முன்னதாகவே சாதம் கூட்டிச் சாப்பிடுவார்கள். இதில் ‘முன்னதாகவே சாப்பிடுவார்கள்’ என்ற பகுதியை மட்டும் நம் ஓட்டக்காரர் உறுதியாகப் பிடித்துக்கொண்டார். பத்து கிலோமீட்டருக்கும் மூன்று நாள் முன்பிருந்தே கொத்சுவோடு இட்லி, இரவில் பரோட்டா. பந்தயத்துக்குப் பின் ஒரு கிலோ கூடியிருப்பதைத் தசை என்று விளக்குவார்.

ஓட்டத்தின்போது அவர் முகத்தில் மகிழ்ச்சி தெரிவது படம் எடுப்பவரைக் கண்ட இடத்தில் மட்டும். நடந்துகொண்டிருப்பவர் இருபது மீட்டருக்கு முன்பே ஓடத் தொடங்கி, கட்டைவிரலை உயர்த்தி, தாண்டியதும் மறுபடி நடப்பார். வெளியாகும் படத்தில் இரண்டு காலும் தரையில் இருக்கும், கண் மூடியிருக்கும்.

காட்டுப்பாதை ஓட்டத்துக்கு அருகில் இருப்பது ஆரோவில். 2008-ல் தொடங்கிய அந்த மாரத்தான் பெரும்பகுதி செம்மண் பாதையில், மரங்களுக்கு நடுவே நடப்பது. அங்கே வெற்றி தோல்வி கிடையாது, தரவரிசை கிடையாது, பரிசு கிடையாது. மற்ற இடங்களில் பரிசு இருந்தும் கிடைக்காத நம்மவருக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடிக்கும். கடலூரிலிருந்து நள்ளிரவு தாண்டி நான்கு பேராக ஒரே காரில் கிளம்புவார்கள். இருட்டில் வேர் தடுக்கும், கல் உருளும், முன்னால் ஓடுபவர் கிளப்பும் புழுதி பின்னால் வருபவருக்குக் காலைப் பலகாரம். சாலையில் நேரத்தைப் பற்றிப் புலம்பியவர் இங்கே இயற்கையைப் பற்றிப் பேசுவார். பதினைந்தாவது கிலோமீட்டருக்குப் பின் இயற்கையும் பேச்சிலிருந்து விலகிவிடும். ஊர் திரும்பியதும் வெள்ளைக் காலுறை வீட்டில் ஒரு விசாரணைக்கு உள்ளாகும். செம்மண் கறை எந்தச் சோப்புக்கும் போகாது.

மறுநாள் அவரை அடையாளம் காண்பது எளிது. மாடிப்படியில் பக்கவாட்டாக இறங்குபவர் அவர்தான். தொடைத் தசையில் ஏற்பட்ட நுண்ணிய கிழிசல்கள் ஆற இரண்டு மூன்று நாளாகும். கறுத்த கால் பெருவிரல் நகம் சில வாரங்களில் உதிரும். நகம் போனதை, ஓடாத அண்ணன் தம்பிகளிடம் துணியை விலக்கிக் காட்டுவார். மெடல் கூடத்து அலமாரியில் பிள்ளைகளின் பள்ளிக் கோப்பைகளுக்கு முன்னால் தொங்கும். “நீங்க எத்தனாவதுப்பா வந்தீங்க?” என்று கேட்ட மகளிடம் 612 என்று சொல்லாமல், தம் வயதுப் பிரிவு என்றும் மேல்பாதி என்றும் நீளமாக விளக்குவார். அந்த ஆண்டின் டி-ஷர்ட்டுகள் மூன்றாம் ஆண்டில் பைக் துடைக்கப் போகும்.

இத்தனைக்கும் நடுவே சர்க்கரை அளவு இறங்கியிருக்கும். அதை அவர் சொல்லிக்கொள்வது குறைவு. சீட்டில் உள்ள எண் மருத்துவருடைய வெற்றி என்றும், கடிகாரத்தில் உள்ள எண்தான் தம்முடையது என்றும் அவர் கருதுகிறார்.

இவரை வழியில் சந்திக்கும் வாசகர் “ஜெயிச்சீங்களா?” என்று மட்டும் கேட்க வேண்டாம். “எவ்வளவு நேரத்துல முடிச்சீங்க?” என்று கேட்கலாம், கையில் அரை மணி நேரம் இருந்தால்.