துப்பினால் தண்டம் இல்லை

"சிங்கப்பூர்ல இப்படித் துப்ப முடியுமா?" என்று கேட்டபடியே குன்யா வெற்றிலை எச்சிலைத் துப்புகிறவர் இல்லாத டீக்கடை ரங்கூனின் மிங்கலா தாங்ஞுன்ட்டில் இருக்காது. எங்கள் தெருவுக்கு வாய்த்தவரை 'அண்ணன்' என்று மட்டும் சொல்லி வைக்கிறேன். துப்பி, வாயைத் துடைத்துக்கொண்டு, "இதுதாம்ப்பா சுதந்திரம்" என்பார். ஓட்டுரிமை, பேச்சுரிமை எல்லாம் அவர் கணக்கில் அப்புறம். எங்கெங்கே துப்பலாம் என்பதை வைத்தே ஒரு நாட்டை எடை போட்டுவிடுவார்.

சிங்கப்பூரின் அபராதங்கள் அவருக்கு அத்துப்படி. 1992 முதல் சூயிங்கம் விற்கத் தடை. டுரியானோடு ரயிலேற முடியாது. ரயிலில் ஒரு மிடறு தண்ணீர் குடித்தாலும் 500 வெள்ளி வரை தண்டம். அந்த 500 வெள்ளி கடைசி மேசை வரை கேட்கும். "நம்ம காசுக்கு எவ்வளவுண்ணே?" என்று யாராவது கேட்டால்தான் சங்கடம். 2022 ஆகஸ்டில் மத்திய வங்கி, அமெரிக்க டாலருக்கு 2,100 கியாட் என்று நிர்ணயித்தது; கடைத்தெரு விலையோ எங்கோ போய்விட்டது. கடைத்தெரு விலையை உரக்கச் சொல்ல முடியுமா? அண்ணன் குனிந்து, சிந்திய டீயைத் தொட்டு மேசையில் எழுதிக் காட்டிவிட்டு, உடனே அழித்துவிடுவார். சிங்கப்பூர்க்காரன் அடிமை என்பதற்கான கணக்கை இங்கே ரகசியமாகத்தான் போட வேண்டியிருக்கிறது.

இந்தச் சேதியெல்லாம் அங்கே வேலை பார்க்கும் மூத்த மகன் ஃபேஸ்புக்கில் அனுப்புவது. இங்கே 2021 பிப்ரவரியிலேயே ஃபேஸ்புக்கை முடக்கியாயிற்று. அண்ணன் விபிஎன் போட்டு, அது சுற்றி முடிவதற்குள் இன்னொரு குன்யா மென்று, அப்புறம்தான் "பாவம், அங்க மூச்சு விட முடியல" என்று அனுதாபப்படுவார்.

இந்தியாவா? "எமர்ஜென்சி போட்ட நாடுதானே!" தீர்ந்தது.

மோல்மீனிலிருந்து தங்கச்சி வந்தால், விருந்தாளிப் பதிவுக்காக அடையாள அட்டை நகலோடு பொழுது சாயுமுன் வார்டு ஆபீசுக்கு ஓடுவார். "வீட்டுக்கு யார் வந்திருக்காங்கன்னு அக்கறையா விசாரிக்கிறாங்க. சிங்கப்பூர்ல எவன் கேப்பான்?"

அவரையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. 1964இல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றதும் அவருடைய அப்பாவின் கல்லாப்பெட்டி வெறும் காகிதமாயிற்று. சொந்தக்காரர்கள் கப்பலேறி மெட்ராஸ் போய் பர்மா பஜாரில் கடை போட்டார்கள். இந்தக் குடும்பம் தங்கிவிட்டது. 1987இல் 25, 35, 75 கியாட் நோட்டுகளும் போயின. தங்கியது சரிதான் என்று சொல்லிக்கொள்ள மனுஷனுக்குத் தினமும் ஏதாவது ஒரு சாட்சி வேண்டாமா?

ஆனால் ஒன்று. 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவை வந்தது. ஆண்களுக்கு 18 முதல் 35 வயது வரை. இரண்டே மாதத்தில் அவருடைய இளைய மகனும் மூத்தவனிடம் போய்ச் சேர்ந்தான். தப்பில்லை. முடிந்தால் நானும் அதைத்தான் செய்வேன். என் அக்கா மகனுக்கு 22 வயது. பாஸ்போர்ட் இல்லை, இருட்டிவிட்டால் வாசலைத் தாண்டுவதில்லை. அவனை எதிரே உட்கார வைத்துக்கொண்டு, "ஓடிப்போறவனுக்கெல்லாம் நாட்டுப்பற்று ஏது தம்பி?" என்றார் பாருங்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இதை உங்க பசங்ககிட்டயும் சொல்லுங்கண்ணே" என்றேன்.

"சொல்லலாம்தான். விபிஎன் புடிக்க மாட்டேங்குதே" என்றார்.