மாமன் சொல்லும் மலிவு வழி

ஏன் மாப்ள, பட்டறையில கேட்ட கூலிக்குப் பயந்துட்டு லாரி எஞ்சின வாசல்லயே பிரிக்கப் போறயாமா? நெம்பச் சந்தோசம். உங்கொப்பன் சைக்கிள் செயினு கழண்டாலே ஆளு கூப்புடுவான். நீ அவன மிஞ்சிட்ட.

உன்றது டாட்டா 697. ஆறு சிலிண்டரு, 97 மில்லி போரு. 1954ல டாட்டாக்காரங்க ஜெர்மன் பென்சு கம்பெனியோட கூட்டுச் சேந்தாங்களே, அந்த வம்சம். கனம் 400 கிலோவுக்கு மேல. அத எறக்கறதுக்கு ஸ்டேண்டு வாடகைக்கு எடுக்காத, வீண் செலவு. வாசல்ல நிக்கிற முருங்கையில செயின் பிளாக்க மாட்டு. கெளை முறிஞ்சா எஞ்சினும் எறங்கும், கொழம்புக்குக் காயும் எறங்கும்.

ஹெட்டக் கழட்டுனதும் லைனருக்குள்ள நகத்த வெச்சு வருடிப் பாரு. மேல, முதல் ரிங்கு திரும்பற எடத்துல படி தட்டும். தேய்மானம் அங்கதான் எச்சு. தட்டுனாத் தட்டிட்டுப் போகுது, நீ புது ரிங்கு மட்டும் வாங்கி மாட்டு. லைனர் காசு, பிஸ்டன் காசு ரெண்டும் மிச்சம். புது ரிங்கு அந்தப் படியில முட்டி ஒடையும், மறுபடி ஆயில் குடிக்கும், நீல பொகை ஊரைச் சுத்தும். அதனால என்ன, ஆயில் கடைக்காரனுக்கும் புள்ளகுட்டி இருக்குதல்ல.

எஞ்சின் ஏன் தேஞ்சுதுன்னு மட்டும் ரோசன பண்ணிறாத. ஏர் கிளீனர் ஓசு கிழிஞ்சதுக்குச் சைக்கிள் டியூப்பச் சுத்திக் கட்டி வெச்சிருக்கறயே, அந்தச் சந்து வழியாத்தான் கல்குவாரிப் புழுதி பூராவும் உள்ள போயி லைனரத் தின்னுருக்குது. அது அப்படியே கெடக்கட்டும். புதுசா வர்றதுக்கும் பசிக்குமல்ல.

கிராங்க லேத்துக்குக் கொண்டுபோனா அவன் மைக்ரோமீட்டர வெச்சு நேரா ஒருவாட்டி, குறுக்க ஒருவாட்டி அளப்பான். வட்டம் கெட்டிருந்தாக் கால் மில்லி கொறச்சுக் கிரைண்டிங் போடோணும், அதுக்குத் தக்க பேரிங் வாங்கோணும்பான். உனக்கெதுக்கு அதெல்லாம்? கட்டை வெரல்ல ஒரு தடவு தடவுனா உனக்குத் தெரியாததா?

அட, அதுக்குள்ள மூஞ்சியத் தூக்கற. காசு மிச்சமாகற எடம் வேற, கண்ணு. பிரிக்கறது, களுவறது, சுமக்கறது, மாட்டறது, இதெல்லாம் உன்ற ஒடம்போட சோலி. கூலி அதுலதான் ஏறும், அத நீயே செய்யி. அளக்கறவனுக்கும் அரைக்கறவனுக்கும் குடுக்கற காசுல கை வெக்காத.

களுவறதுன்னா மேல தண்ணி ஊத்தறதில்ல. கிரைண்டிங் போட்டு வந்த கிராங்குல ஆயில் ஓட்டை பூராவும் பொடி அடைஞ்சு கெடக்கும். கம்பியில துணியச் சுத்தி, டீசல்ல நனைச்சு, ஒவ்வொரு ஓட்டையா இழு. துணி வெள்ளையா வர்ற வரைக்கும் இழு. அப்பறம் காத்தடி. இதுக்குச் சலுப்புப்பட்டீன்னா ஆயிலோட அந்தப் பொடியும் ஏறி ஏழு மெயின் பேரிங்கையும் அறுத்துப்போடும். இந்த ஒரு சோலிக்கு ஒறம்பரை வந்தாக்கூட எந்திரிக்காத.

கனெக்டிங் ராடு மூடி அததுக்கு ஜோடி. கழட்டும்போதே நெம்பர் பாரு, இல்லீன்னாக் குறி போட்டுக்க. ஹெட் போல்ட்ட நடுவுலருந்து வெளிப்பக்கமா, ரெண்டு மூணு சுத்தா டார்க் ரெஞ்சுல இறுக்கு. கேஸ்கட்டுப் பழசு ஆகாது. நாசில டெஸ்டுக்குக் குடுக்கறப்ப, தெளிக்குதான்னு பாக்கக் கைய மட்டும் நீட்டீராத. அந்த அழுத்தத்துக்கு டீசல் தோலக் கிழிச்சு உள்ள ஏறிரும், அப்பறம் ஆஸ்பத்திரிச் செலவு எஞ்சின் செலவ முந்தும்.

எல்லாம் மாட்டிட்டா உடனே கெளப்பாத. டீசல நிறுத்தி வெச்சுட்டு செல்ப்ப விட்டு விட்டு அடி, ஆயில் பிரஷர் முள்ளு ஏறட்டும். அப்பறம் கெளப்பு. இன்னொண்ணு, ஆயில் கூடுதலா ஊத்திருந்தாலோ பம்புல ராக்கு சிக்குனாலோ எஞ்சின் தறிகெட்டு ஏறும். நீ சாவியப் புடுங்கிக் கையில வெச்சுட்டு நிப்ப, அது பாட்டுக்கு ஓடும். காத்து அடைச்சாத்தான் நிக்கும். கைய வெச்சு அடைக்காத, பலகை ஒண்ணு தயாரா வெச்சுக்க. உங்கத்தகிட்ட நல்லதாச் சப்பாத்திப் பலகை ஒண்ணு இருக்குது. நாஞ் சொன்னேன்னு மட்டும் சொல்லீராத.