ஏலக்காய் போடாத கறி

போடிநாயக்கனூரில் ஒருவரைப் பார்த்தால் சௌக்கியம் கேட்பதற்கு முன், "இன்னைக்கு என்ன ரேட்டு?" என்று கேட்பதுதான் முறை. எதன் ரேட்டு என்று திருப்பிக் கேட்பவர் வெளியூர்க்காரர். ஸ்பைசஸ் போர்டின் ஏலம் நடக்கும் நாளில், தோட்டம் இல்லாதவர்கூட ஏலக்காய் விலைக்காக முகம் மலர்வார் அல்லது வாடுவார். இப்படிப்பட்ட ஊரில், ஒரு ஏலக்காய்கூடப் போடாத கறிக்குழம்பு வைக்கப்போகிறேன் என்று வீட்டில் அறிவித்தேன்.

"எந்த ஊர்க் குழம்புடா?" என்றார் அம்மா.

"கிரேக்கத்துக் குழம்பும்மா. ஸ்டிஃபாடோ."

"வாயில நுழையாதது வயித்துல நுழையுமா?"

கிரேக்கர்கள் இதை முயலிலோ மாட்டிறைச்சியிலோ வைப்பார்கள். காட்டுமுயல் என்றால் வனத்துறை ஜீப் வாசலில் நிற்கும். மாடு என்றால் அம்மா அடுப்பங்கரையைப் பூட்டிவிடுவார். ஆகவே வெள்ளாட்டுத் தொடைக்கறி.

ஆலிவ் எண்ணெய் மெடிக்கலில் கிடைத்தது. சின்ன பாட்டிலை நீட்டிய கடைக்காரர், "என்ன குழந்தைண்ணே?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வாழ்த்தும் சொன்னார். சிவப்பு ஒயினுக்காக டாஸ்மாக் வரிசையில் நின்று, "சமையலுக்குத்தாண்ணே" என்றேன். பின்னால் நின்றவர், "நாங்களும் அதுக்குத்தான் வந்திருக்கோம்" என்றார்.

ஆல்ஸ்பைஸ் என்பது ஜமைக்கா, மெக்சிகோ பக்கத்து மரத்தின் காய். அது போடியில் எங்கே கிடைக்கும் என்று நான் மலைத்தபோது, ஜீப் ஓட்டும் சித்தப்பா மகன், "சர்வசுகந்தி தானே?" என்று கேட்டுவிட்டு, போடிமெட்டுக்குக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, பூப்பாறையில் யார் வீட்டு முற்றத்திலிருந்தோ ஒரு பொட்டலம் கொண்டுவந்தான்.

இந்தக் குழம்பின் உயிர் வெங்காயத்தில் இருக்கிறது. கறி எத்தனை கிலோவோ, கிட்டத்தட்ட அத்தனை கிலோ சின்ன வெங்காயம். வெந்நீரில் ஊறப்போட்டால் தோல் வழுக்கிக்கொண்டு வரும். வேர்ப்பக்கத்தை ஒட்ட வெட்டாமல் லேசாகச் சீவிவிட்டால், கடைசிவரை இதழ் பிரியாது. முழுசு முழுசாகவே போட வேண்டும் என்றதும் அம்மா கேட்டார்: "அந்த ஊருல அருவாமனை கிடையாதா?"

கறியைச் சிவக்க வதக்கி, வெங்காயத்தைப் புரட்டி, தக்காளி, ஒயின், கொஞ்சம் வினிகர், பட்டை, கிராம்பு, சர்வசுகந்தி, பிரிஞ்சி இலை எல்லாம் போட்டு மூடி, சிறுதீயில் இரண்டு மணி நேரம். கரண்டி போட்டால் வெங்காயம் உடைந்துவிடும். அவ்வப்போது சட்டியின் காதைப் பிடித்து ஒரு குலுக்கு, அவ்வளவுதான்.

"நாலு விசில்ல முடியுற காரியத்துக்கு ரெண்டு மணி நேரமா கேஸை எரிக்கிறது? சரி, மிளகாய் எங்கடா?"

"கிடையாதும்மா."

"அப்ப இது பத்தியச் சாப்பாடு."

விடுவேனா? மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. 1498இல் வாஸ்கோ ட காமா வந்த பிறகுதான், போர்ச்சுக்கீசியர் வழியாக மிளகாய் நம் பக்கம் எட்டிப் பார்த்தது. அதற்கு முன் நம் காரமெல்லாம் மிளகுதான். அந்த மிளகைத்தான் யவனர்கள் முசிறியில் பொன் கொடுத்துக் கப்பலேற்றினார்கள், அகநானூறே பாடுகிறது என்று முடித்தேன்.

அம்மா அசரவில்லை. "மிளகு வாங்குனவன் ஏலக்காயை ஏன் விட்டுட்டுப் போனான்?"

"விடலம்மா. ஈஸ்டர் ரொட்டியில பொடிச்சுப் போடுறாங்க."

"ரொட்டியில போடுறவன் கறியில போடலேன்னா, ரேட்டைக் கேட்டிருப்பான்."

மூடியைத் திறந்தபோது குழம்பு கருஞ்சிவப்பாகச் சுண்டியிருந்தது. வெங்காயம் கண்ணாடியாகி, விரல் பட்டாலே நழுவியது. இனிப்பும் புளிப்புமாக, பட்டை வாசத்தோடு எனக்குத் தேவாமிர்தம். அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு ஊறுகாய் ஜாடியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

மறுநாள்தான் ருசி கூடும் என்பார்கள் கிரேக்கர்கள். கூடியிருந்தது. ஆனால் விடிவதற்குள் சட்டியில் சோம்பு, வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டியிருந்தது. தட்டிப்போட்ட ஏலக்காயும் மிதந்தது. மிளகாயும் தக்காளியும் ஒருகாலத்தில் இப்படித்தான் எவளோ ஒரு கிழவியின் கைபட்டு நம் வீட்டுப் பிள்ளைகளாகியிருக்க வேண்டும். தோசையோடு அதைத் தொட்டுப் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா, "என்ன குழம்பும்மா, இப்படி மணக்குது?" என்று கேட்டார்.

"கிரேக்கத்துக் குழம்பு" என்றார் அம்மா. "இவனுக்கு நான்தான் சொல்லிக் குடுத்தேன்."