ஏறுகருவி இயல்

உலகத்து மரம் இருவகைப்படும்: ஏணி எட்டுவது, ஏணி எட்டாதது. முன்னது இவ்வியலுக்குப் புறம்பு. பின்னதில் தலையாயது பனை. கிளை கிடையாது. முப்பது மீட்டர் வரை வளரும். 1978இல் அது தமிழ்நாட்டின் மாநில மரமாயிற்று. ஏறுபவருக்கு அதனால் ஒரு சாண் உயரமும் குறையவில்லை.

பனையேறியின் கருவி மூவகைத்து: மரத்தைப் பற்றுவன, தொழில் செய்வன, விழாமல் காப்பன.

பற்றுவனவற்றுள் முதலாவது தளைநார். இரு காலையும் சேர்த்து மாட்டும் நார் வளையம். பாதங்கள் மரத்தை இருபுறமும் அணைத்து நிற்க, நார் அவற்றை விலக விடாது. உடலின் பாரம் இறங்க இறங்கப் பிடி இறுகும். யாப்பிலும் தளை உண்டு. அங்கே தளை தட்டினால் வெண்பா கெடும், புலவருக்கு வேறு சேதம் இல்லை. இரண்டாவது முருக்குத்தடி. அடிமரத்தில் சாத்தி, முதல் மிதிக்கு வைத்துக்கொள்வது. தான் தரையிலேயே நின்றுவிடுவதால் அதை ஏறுகருவி என்று சொல்லலாமா என்பது ஐயத்துக்குரியது. ஆகும் என்பதே என் துணிபு, ஏணியும் ஏறுவதில்லை.

தொழில் செய்வன பாளை அரிவாள், அரிவாள்பெட்டி, பாளையை நசுக்கும் கடிப்பு, கலயம், சுண்ணாம்பு. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். தடவாதவர் சட்ட நூலையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

காப்பனவற்றுக்கு எடுத்துக்காட்டு தேடினேன். அரிவாள் இடுப்பைக் கிழிக்காமல் பெட்டி காக்கிறது. விழுவதற்கும் அதற்கும் தொடர்பில்லை. நெஞ்சில் கட்டும் தோல், மரம் உராய்ந்து மார்பு கிழியாமல் காக்கிறது; அதுவும் அவ்வளவே. அத்தோல் இல்லாதவருக்கு மார்பிலும் உள்ளங்கையிலும் காய்ப்பு ஏறிவிடும். ஆகவே தோல் இருவகை: கட்டியது, தன்னது.

அமெரிக்காவில் மரப்பணிக்கான இசட்133 என்ற பாதுகாப்பு நெறி, மரத்தின்மேல் சங்கிலி ரம்பம் இயக்குபவர் இரண்டு விதமாகக் கட்டுண்டிருக்க வேண்டும் என்கிறது. நம்மவரிடம் ஒரு கட்டுக்கும் வழியில்லை. மேலே எறிந்து மாட்டக் கயிறு இருந்தாலும் கிளை இல்லை. மரத்தைச் சுற்றி வார் கட்டலாமே என்பீர்கள். நாளைக்கு முப்பது மரம், காலையும் மாலையும் ஏறுபவரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.

தென்னைக்காரர்கள் சற்று முந்திவிட்டார்கள். கண்ணூர்ப் பக்கத்துச் செம்பேரியின் பெயரில் வழங்கும் ஏறுபொறி இரண்டு இரும்புச் சட்டங்கள். காலால் மாறி மாறி உயர்த்தி ஏறலாம். தென்னை வளர்ச்சி வாரியம் 2011 முதல் பொறியில் ஏறப் பயிற்சி தருகிறது, காப்பீடும் உண்டு. காப்பீடு விழுவதைத் தடுக்காது. மூன்றாம் வகை வெறுமையாக இருப்பதால் அங்கேயே சேர்த்துவைத்தேன்.

இனிக் கருவியல்லாத கருவிகள். மழை நனைத்த மரத்தில் ஏறாமை. கொண்டையில் கை வைக்குமுன் கதண்டுக் கூடு உண்டா என்று பார்த்தல். பச்சை மட்டையைப் பிடித்தல், காய்ந்ததைத் தொடாமை; காய்ந்த மட்டை எப்போது கழலலாம் என்று காத்திருப்பது, துணைக்கு ஆள் கிடைத்தால் உடனே புறப்படும்.

முருக்குத்தடிக்கு இன்னொரு பயன் விடுபட்டது. அது பனையில் சாத்தியிருந்தால் மேலே ஆள் இருக்கிறார் என்று பொருள். அண்ணாந்து பார்த்துப் பேச்சுக் கொடுக்காமல் தள்ளி நடக்கவும். கைநழுவும் அரிவாளுக்குத் தளைநார் கிடையாது.