பெரியப்பாவின் மாத்திரைக் கணக்கு

பலாவும் முந்திரியும் கரும்பும் விளைகின்ற அண்ணாகிராமம் வட்டாரத்தில், வருஷம் முழுவதும் தவறாமல் கிடைக்கின்ற நான்காவது மகசூல் உடம்பு வலி. பண்ருட்டி மண்டிக்குப் போகும் பலாப்பழங்களை முள் உறுத்தத் தோளில் தூக்கி லாரியில் ஏற்றிவிட்டு வந்தவரும், நாளெல்லாம் கரும்பு வெட்டி நெல்லிக்குப்பம் ஆலைக்கு அனுப்பிவிட்டு வந்தவரும், இவ்விருவரின் வேலையையும் வரப்பில் குடை பிடித்து நின்று மேற்பார்வை செய்த என் பெரியப்பாவும், மாலையில் ஒரே கடை வாசலில் கூடி, "ஒரு வலி மாத்திரை குடு" என்று ஏக குரலில் கேட்கும்போது, அந்தஸ்து பேதங்கள் யாவும் அந்த க்ஷணத்தில் ஒழிந்துபோவதைக் கண்டு நான் ஆனந்தமடைவதுண்டு.

அது பெட்டிக் கடை. வாழைப்பழமும் பீடியும் தொங்கும் இடத்திலேயே மாத்திரையும் தொங்கும். இதற்குச் சட்டத்தில் இடமுண்டா என்று சந்தேகிப்பவர்கள் 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 'கே' அட்டவணையைப் பார்க்கலாம். ஜனத்தொகை ஆயிரத்துக்கு மேற்படாததும், உரிமம் பெற்ற மருந்துக் கடை இல்லாததுமான கிராமத்தில், பாராசிட்டமால் போன்ற வீட்டு மருந்துகளை, பிரிக்காத உறையோடு, உரிமமின்றி விற்கலாமாம். ஆகவே அத்தகைய ஊரில் ஆயிரத்தோராவது சிசு பிறந்து முதல் அழுகை அழுத மாத்திரத்தில், அதுவரை தர்மவானாக இருந்த கடைக்காரர் குற்றவாளியாகிவிடுகிறார். 'பிரிக்காத உறை' என்ற நிபந்தனையோ கத்தரிக்கோல் இருக்கும் வரையில் நிறைவேறப் போவதில்லை. இரண்டு மாத்திரையை நறுக்கிக் கொடுக்கும்போது, பெயர் ஒருவரிடமும் காலாவதித் தேதி இன்னொருவரிடமும் போய்ச் சேருகின்றன.

இப்படிப் பெயரிழந்த மாத்திரைகளில் ஒன்றுக்கு மற்றொன்றை மாற்றிக் கொடுக்கும் கடைக்காரரை மட்டும் நான் ஏசமாட்டேன். பாராசிட்டமால் வம்சத்து மருந்துகளே அப்படிப் பிறந்தவைதாம். 1886-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் கான், ஹெப் என்ற இரு வைத்தியர்கள், குடற்புழுவால் அவதிப்பட்டவருக்கு நாஃப்தலீன் கொடுக்க எண்ணியிருக்க, மருந்துக் கடையிலிருந்து வேறொரு சரக்கு வந்து சேர்ந்தது. புழு அசையவில்லை, ஜுரம் இறங்கிற்று. அந்தச் சரக்கு அசிட்டனிலைடு. சாப்பிட்டவர்களில் சிலர் நீலம் பாரித்துப் போனார்கள். அதன் சாதுவான உறவாகிய பாராசிட்டமாலை 1893-இல் வான் மெரிங் பரீட்சித்தும், அதன் தலையிலும் அதே பழி விழவே, அசிட்டனிலைடு உடலுக்குள் பாராசிட்டமாலாக மாறியே வலியைத் தணிக்கிறது என்று 1948-இல் பிராடியும் ஆக்செல்ராடும் நிரூபிக்கும் வரையில், அரை நூற்றாண்டுக்கு மேல் அது அஞ்ஞாதவாசம் செய்தது.

பெரியப்பாவுக்கோ இன்றுவரை பாராசிட்டமால் என்ற நாமம் பரிச்சயமில்லை. அவர் அறிந்தவை டோலோ, சாரிடான், கடைக்காரர் பிரித்துக் கொடுக்கும் பெயர் தெரியாத ஜலதோஷ மாத்திரை ஆகியவையே. மேல்வலிக்கு ஒன்று, தலைவலிக்கு ஒன்று, மூக்கடைப்புக்கு ஒன்று என்று தனித்தனி தெய்வங்களாக வழிபடும் அவரிடம், எல்லாம் ஒரே மூர்த்திதான் என்று நான் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்து அத்வைதம் போதித்தேன். 650 மில்லிகிராம் டோலோ நான்கு வேளைக்கு 2,600. ஜலதோஷ மாத்திரையில் 500 என்று வைத்துக்கொண்டால் மூன்று வேளைக்கு 1,500. சாரிடானில் 250 வீதம் இரண்டுக்கு 500. ஆக மொத்தம் 4,600. நல்ல திடகாத்திரமான பெரியவருக்கே, வேளைக்கு 500 முதல் 1,000 வரை, நான்கு மணி நேரமாவது இடைவெளி விட்டு, 24 மணி நேரத்தில் 4,000-த்துக்குமேல் போகலாகாது என்பது விதி.

"நான் எதையுமே அளவுக்கு மீறிப் போடலையேப்பா! ஒவ்வொண்ணையும் அதது அளவுலதானே போடறேன்?" என்றார் பெரியப்பா. தர்க்க சாஸ்திரத்தில் இதற்குப் பதிலில்லை.

பதில் சொல்ல வேண்டியது கல்லீரல். பாராசிட்டமாலில் ஒரு சிறு பங்கு அங்கே விஷமாக மாறுகிறது. அதைக் குளூட்டாதயோன் என்ற பொருளைக் கொண்டு ஈரல் அடக்கி வைக்கிறது. கையிருப்பு தீர்ந்தால் ஈரலே மடியத் தொடங்கும். இதில் கபடம் என்னவென்றால், முதல் நாள் வெறும் குமட்டல், மறுநாள் பூரண சௌக்கியம் போன்ற தோற்றம், அதன் பிறகே மஞ்சள் காமாலை. மாற்று மருந்தாகிய அசிட்டைல்சிஸ்டீன் எட்டு மணி நேரத்துக்குள் கிடைத்தால் உத்தமம். 'நல்லாத்தானே இருக்கேன்' என்று இரண்டாம் நாள் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் அந்த அவகாசத்தை இழந்துவிடுகிறார். நித்தியமும் டாஸ்மாக் யாத்திரை செய்து, திரும்பும் வழியில் மறுநாள் தலைவலிக்கு முன்கூட்டியே மாத்திரை வாங்கி வைக்கும் தீர்க்கதரிசிகளின் ஈரலில் அந்தக் கையிருப்பு முதலிலேயே குறைவு.

'காய்ச்சலுக்கு ஒரு செட்டு' என்று கேட்டால் கிடைக்கும் காகிதப் பொட்டலமோ இன்னும் பெரிய ரகசியம். அதில் வெள்ளையாக ஒன்று, மஞ்சளாக ஒன்று, ரோஜா நிறத்தில் ஒன்று இருக்கும். அவை இன்னவை என்று வாங்கியவருக்குத் தெரியாது. மழைக்காலத்து ஜுரம் டெங்குவாக இருந்து, பொட்டலத்தில் டைக்ளோஃபினாக்கோ இபுப்ரொஃபெனோ ஒளிந்திருந்தால், ரத்தக்கசிவு அபாயம் கூடும். அச்சமயத்தில் பாராசிட்டமால் ஒன்றுதான் நம்பத்தக்கது. அதுவும் ரத்தப் பரிசோதனைக்குப் பதிலாகாது.

குழந்தைகள் விஷயத்தில் எங்கள் பெரியம்மா பாலாடைதான் பிரமாணம் என்பாள். ஆனால் சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கே 100 மில்லிகிராம். சிரப்பிலோ ஐந்து மில்லிக்குத்தான் 125. இரண்டையும் ஒரே பாலாடையால் அளந்தால், ஒரு பெயரன் பெறுவது மற்றவன் பெறுவதைப்போல நான்கு மடங்கு. அளவோ குழந்தையின் எடையைப் பொறுத்தது, ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம். சீசாவோடு வரும் அளவு மூடியைத் தொலைக்காமல் வைத்திருக்கச் சம்மதித்தாள்; பாலாடையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

பெரியப்பாவும் இப்போது தினசரிக் காலண்டர் தாளின் ஓரத்தில், போட்ட மாத்திரையையும் மணியையும் மில்லிகிராமையும் எழுதி வருகிறார். சாரிடானில் பாராசிட்டமாலோடு 50 மில்லிகிராம் காஃபீனும் உண்டு என்று நான் வாய் தவறிச் சொன்னது முதல், அதை மருந்துக் கணக்கிலிருந்து நீக்கிக் காபிக் கணக்கில் எழுதிவிடலாமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். பெரியம்மா அன்று மாலையே காபியை நிறுத்திவிட்டாள்.