ஆகாசப் புளுகின் சுருக்க வரலாறு

முதல் பக்கத்திலேயே "நான் பொய் சொல்லப் போகிறேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு நிலாவுக்குக் கிளம்பியவர் லூசியன். கி.பி. இரண்டாம் நூற்றாண்டு ஆசாமி. இன்றைய துருக்கியில் இருந்த சமோசாட்டா அவருடைய ஊர். எழுதியது கிரேக்கத்தில். நூலுக்கு அவர் வைத்த பெயர் 'உண்மைக் கதை'. இந்த நூலில் ஒரே ஒரு சங்கதிதான் நிஜம், நான் பொய்யன் என்பதுதான் அது என்று முன்னுரையிலேயே கையைத் தூக்கிவிடுகிறார். இதற்குமேல் அவரை யார் குறுக்கு விசாரணை செய்வது?

அவர் போன கப்பலைச் சூறாவளி ஒன்று தூக்கிக்கொண்டு ஏழு பகல் ஏழு இரவு ஆகாயத்தில் ஓட்டியது. எட்டாம் நாள் நிலா. போய் இறங்கிய நேரம் சரியில்லை. நிலாவின் ராஜாவுக்கும் சூரியனின் ராஜாவுக்கும் சண்டை. விடிவெள்ளியில் யார் குடியேறுவது என்ற புறம்போக்குத் தகராறு. ஒரு பக்கம் மூன்று தலைக் கழுகுகள்மேல் குதிரைப்படை, இறகுக்குப் பதில் கீரை முளைத்த பறவைகள்மேல் இன்னொரு படை, பன்னிரண்டு யானை சேர்ந்தாற்போன்ற தெள்ளுப்பூச்சியில் ஏறி வரும் வில்லாளிகள். மறுபக்கம் எறும்புப் படை. கடைசியில் சமாதான ஒப்பந்தம் எழுதினார்கள். நிலாக்காரர்கள் வருஷத்துக்குப் பத்தாயிரம் ஜாடி பனித்துளி கப்பம் கட்ட வேண்டும். நிலாவில் பெண்கள் கிடையாது, பிள்ளை ஆண்களின் கெண்டைக்காலில் பிறக்கும். கண்ணைக் கழற்றி வைத்துக்கொள்ளலாம். தொலைத்தவர்கள் அடுத்தவரிடம் இரவல் வாங்கிப் பார்க்கலாம். வசதியானவர்கள் வீட்டில் கூடுதலாகச் சில ஜோடி கண் இருக்கும். சந்தேகமா, நீங்களே ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்கிறார் லூசியன்.

இதில் கவனிக்க வேண்டியது அந்த இரவல் கண்தான். அண்டப் புளுகன், ஆனாலும் பணக்காரன் வீட்டில் கண் ஸ்டாக் இருக்கும் என்று அவருக்குத் தோன்றுகிறது. அந்த இடத்தில் வாசகன் தலையாட்டிவிடுகிறான். கண் கழலுமா என்ற கேள்வி போயே போயிற்று. பணக்காரர்கள் அப்படித்தானே செய்வார்கள்!

அடுத்து வந்தவர் இதற்கு நேர் எதிர். ஜோகன்னஸ் கெப்ளர், பேரரசரின் ஆஸ்தானக் கணிதர், கோள்கள் நீள்வட்டத்தில் ஓடுகின்றன என்று கண்டுபிடித்த மனிதர். நிலாவிலிருந்து பார்த்தால் வானம் எப்படித் தெரியும் என்று சொல்ல அவருக்கு ஆசை. 1608 வாக்கில் அதைக் 'கனவு' என்ற கதையாக எழுதினார். கணக்கெல்லாம் சுத்தம். ஆனால் கதாநாயகனை நிலாவுக்கு எப்படி அனுப்புவது? ராக்கெட் இல்லை. ஆகவே ஐஸ்லாந்துக்காரி ஒருத்தியைப் படைத்தார். மூலிகை விற்பவள், ஆவிகளுடன் பேச்சுவார்த்தை உள்ளவள், கதாநாயகனின் தாய். அவள் கூப்பிட்டால் ஒரு பூதம் வரும். கிரகண நிழல் வழியாக நான்கே மணி நேரத்தில் பயணியை நிலாவில் சேர்த்துவிடும். கிளம்பும்போது வாங்குகிற உதை தாங்காது என்பதால் பயணிக்கு அபினி. மேலே காற்று இல்லை என்பதால் மூக்கில் ஈரப் பஞ்சு. பிரயாணத்துக்குத் தோதான ஆட்கள் யார் என்றால், வற்றிக் காய்ந்த கிழவிகளாம். இரவில் ஆட்டுக்கடாமேல் ஏறிப் பறந்த அனுபவம் இருக்கிறதல்லவா.

சிரிப்புக்குத்தான் எழுதினார். ஊர் சிரிக்கவில்லை. 1615இல் கெப்ளரின் சொந்தத் தாய் கத்தரீனா, மூலிகை மருந்து கொடுக்கிற கிழவி, சூனியக்காரி என்று குற்றம் சாட்டப்பட்டார். 1620இல் கைது, பதினான்கு மாதம் சிறை, சங்கிலி, சித்திரவதைக் கருவிகளைக் காட்டி மிரட்டல். பிள்ளை கிரகங்களை விட்டுவிட்டு வக்கீல் வேலை பார்த்து அம்மாவை மீட்டார். மறுவருஷமே கிழவி இறந்துபோனாள். கையெழுத்துப் பிரதியாகச் சுற்றிய தன் கதைதான் வினையாயிற்று என்று கெப்ளர் நம்பினார். வரலாற்றாசிரியர்கள் அவ்வளவு உறுதியாக இல்லை. எப்படியிருந்தாலும் மனிதர் சும்மா இருக்கவில்லை, அந்தச் சின்னக் கதைக்கு 223 அடிக்குறிப்பு எழுதினார். இது வானியல், அது உவமானம், பூதம் என்றால் அறிவியல் என்று வரிவரியாக விளக்கம். கதையைவிடக் குறிப்பு நீளம். அவர் இறந்து நான்கு வருஷம் கழித்து, 1634இல் மகன் அச்சிட்டார். அறிவியல் புனைகதையில் அளவுக்கு மீறிய விளக்கம் என்ற நோயை ஆரம்பித்து வைத்தவர் அவர்தான். ஆனால் அவருக்காவது ஒரு நியாயம் இருந்தது. இன்றைக்கு ஐந்து பக்கத்துக்கு எஞ்சினை விவரிக்கிற எழுத்தாளர்களின் தாயாரை யாரும் சங்கிலியில் கட்டவில்லை.

அந்த நூற்றாண்டில் நிலாப் போக்குவரத்து அமோகம். பிரான்சிஸ் காட்வின் என்ற இங்கிலாந்து பிஷப்பின் கதை 1638இல் வந்தது. அவருடைய கதாநாயகன் காட்டு அன்னங்களைப் பழக்கி, பலகையில் கட்டி, அவை வலசை போகிற போக்கில் நிலாவுக்குப் போய்விட்டான். பிரெஞ்சுக்காரர் சிரானோ தெ பெர்ஜராக் இன்னும் மோசம். உடம்பைச் சுற்றிப் பனித்துளிக் குப்பிகளைக் கட்டிக்கொண்டார். வெயில் பனியை இழுக்கும், பனி குப்பியை இழுக்கும், குப்பி தன்னை இழுக்கும் என்று. போய் விழுந்த இடம் கனடா. அங்கே சிப்பாய்கள் திருவிழாவுக்கு வைத்திருந்த வாணங்களை அவருடைய இயந்திரத்தில் கட்டிப் பற்ற வைத்துவிட, அடுக்கடுக்காய் வெடித்து மேலே போனார். வாணம் தீர்ந்த பிறகு மிச்சத் தூரத்தைக் காயத்துக்குப் பூசிய மாட்டு மஜ்ஜை பார்த்துக்கொண்டது. தேய்பிறை நிலா மஜ்ஜையை உறிஞ்சும் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. வாணம் வரும் பகுதியைப் படித்தவர்கள் வயிறு குலுங்கச் சிரித்திருப்பார்கள். பிஷப், பூதம், பனித்துளி அத்தனையிலும் பிற்பாடு நிஜமானது அந்த ஒரு கேலி மட்டும்தான்.

இனி நியூயார்க். 1835 ஆகஸ்ட் 25. 'சன்' என்ற ஒரு சென்ட் பத்திரிகை ஒரு தொடரை ஆரம்பித்தது. எழுதியவர் ரிச்சர்ட் ஆடம்ஸ் லாக் என்று பிற்பாடு தெரிந்தது. அச்சில் அவர் பெயர் இல்லை. எடின்பரோவில் அப்போது நின்றே போயிருந்த ஓர் அறிவியல் இதழிலிருந்து எடுத்துப் போட்டதாகப் பாவனை. வானியலாளர் ஜான் ஹெர்ஷல் நன்னம்பிக்கை முனையில் பெரிய தொலைநோக்கி வைத்து நிலாவைப் பார்க்கிறார் என்பது செய்தி. ஹெர்ஷல் நிஜமாகவே அப்போது அங்கேதான் இருந்தார். விசாரிக்கக் கடிதம் போட்டால் கப்பலில் போய்த் திரும்ப மாதக்கணக்கு ஆகும். நல்ல இடம் பார்த்துத்தான் சரடு திரித்திருக்கிறார் லாக்.

லாக் செய்த காரியம் வேறு யாருக்கும் தோன்றவில்லை. முதல் நாள் கட்டுரையில் நிலா மனிதனே கிடையாது, வெறும் தொலைநோக்கிதான். கண்ணாடியின் குறுக்களவு 24 அடி, எடை 14,826 பவுண்டு, பெரிதாக்கும் சக்தி 42,000 மடங்கு. படிக்கிறவனுக்குக் கொட்டாவி வரும். அந்தக் கொட்டாவியோடு சந்தேகமும் வெளியே போய்விடும். பதினாலாயிரத்து எண்ணூற்று இருபத்தாறு என்று ஒருவன் எடை சொன்னால், அவன் பொய்யனாக இருப்பானா? பதினைந்தாயிரம் என்றிருந்தால் யாராவது முறைத்திருப்பார்கள். அடுத்தடுத்த நாட்களில் செடிகொடி, காட்டெருமை, நீல நிற ஒற்றைக்கொம்பு ஆடு, பின்னங்காலால் நடந்து குடிசை கட்டி அடுப்பெரிக்கும் பீவர். இவ்வளவும் தொண்டையில் இறங்கிய பிறகு வௌவால் மனிதர்கள் வந்தார்கள். நான்கடி உயரம், செம்பு நிற முடி, முதுகில் இறக்கை. அவர்களுடைய சில பொழுதுபோக்குகள் நம் ஊர் நாகரிகத்துக்கு ஒத்துவராது, எழுத முடியாது என்று பத்திரிகை கூச்சப்பட்டது. புளுகுக்குத் தணிக்கை! இதைவிடப் பெரிய அத்தாட்சி வேறென்ன வேண்டும்? பத்திரிகை பிய்த்துக்கொண்டு விற்றது. முறையான மறுப்பு கடைசிவரை வரவில்லை.

பாவம், எட்கர் ஆலன் போ. அதே வருஷம், இரண்டு மாதம் முன்னால், பலூனில் நிலாவுக்குப் போகும் கதை ஒன்றை அவர் எழுதியிருந்தார். கணக்கு, காற்றை அடர்த்தியாக்கும் கருவி எல்லாம் வைத்திருந்தார். ஆனால் ஆரம்பமும் முடிவும் நையாண்டித் தொனி. கண் சிமிட்டிக்கொண்டே சொன்ன கதை. கண் சிமிட்டாத லாக் ஜெயித்தார். தன் கதையைத் திருடிவிட்டார்கள் என்று போ புகைந்தார்.

வாசகன் தானாக விரும்பி அவநம்பிக்கையைக் கொஞ்ச நேரம் ஒத்திவைக்கிறான் என்று ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் 1817இல் எழுதியதைத்தான் இன்றும் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். கெப்ளர் விண்வெளிப் பயணிக்குக் கொடுத்த அதே அபினியைக் கோல்ரிட்ஜ் பூமியிலிருந்தபடியே சாப்பிட்டவர் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது. நியூயார்க் வாசகர்கள் எதையும் ஒத்திவைக்கவில்லை. அவர்களுடைய அவநம்பிக்கையைத் தூங்க வைத்துத் தூக்கிக்கொண்டு போனார் லாக்.

இப்போது பெரிய பஞ்சாயத்துக்கு வருவோம். ஜூல்ஸ் வெர்ன் 1865இல் மூன்று பேரை ஒரு பீரங்கிக் குண்டுக்குள் உட்கார வைத்து புளோரிடாவிலிருந்து நிலாவை நோக்கிச் சுட்டார். கணித வாத்தியாரான தன் உறவினரிடம் கணக்குப் போட்டு வாங்கினார். பீரங்கி 900 அடி, வெடிபஞ்சு நான்கு லட்சம் பவுண்டு, குண்டு அலுமினியம், வேகம் நொடிக்குப் பதினொரு கிலோமீட்டர். எல்லாம் சரி. ஆனால் 900 அடிக்குள் அந்த வேகத்தைப் பிடிக்க வேண்டுமானால் உள்ளே இருப்பவர்கள்மேல் புவியீர்ப்பைப் போல இருபதாயிரம் மடங்குக்கு மேல் அழுத்தம் விழும். வெர்ன் குண்டின் தரைக்கடியில் தண்ணீர் மெத்தை போட்டிருந்தார். மூன்று பேரும் எழுந்து, தலையைத் தடவிக்கொண்டு, கொஞ்ச நேரத்தில் ஒயினோடு சாப்பிட உட்காருகிறார்கள்.

கூட ஏற்றிய நாய் ஒன்றுதான் பாவம், அடிபட்டுச் செத்தது. ஜன்னலைச் சட்டென்று திறந்து, காற்று அதிகம் போவதற்குள் வெளியே போட்டு மூடிவிடுகிறார்கள். அந்தப் பிணம் கீழே விழாமல் குண்டுக்குப் பக்கத்திலேயே கூட வருகிறது. அற்புதமான இயற்பியல், சுத்தமாகச் சரி. ஆனால் வெளியே நாய் மிதக்கும்போது உள்ளே இருப்பவர்கள் ஜம்மென்று தரையில் நிற்கிறார்கள். பூமி, நிலா இரண்டின் ஈர்ப்பும் சமமாகும் ஒரே இடத்தில் மட்டும்தான் மிதக்கிறார்கள். நாய்க்கு ஒரு நியூட்டன், எஜமானுக்கு ஒரு நியூட்டன்.

1901இல் எச்.ஜி. வெல்ஸ் வந்தார். பீரங்கியும் வேண்டாம், வாத்தியாரும் வேண்டாம். ஈர்ப்பை மறைக்கும் 'கேவரைட்' என்று ஒரு சரக்கு. அதில் திரை செய்து கண்ணாடி உருண்டையில் மாட்டு. திறந்தால் இந்தப் பக்கம், மூடினால் அந்தப் பக்கம். முடிந்தது விஞ்ஞானம். 1903இல் ஒரு பேட்டியில் வெர்ன் கொதித்துப்போனார்: நான் பீரங்கியில் போகிறேன், அது உலகத்தில் இருக்கிறது, இவர் உலோகம் என்கிறாரே, எங்கே, கொண்டு வந்து காட்டச் சொல்லுங்கள். கிழவர் சொன்னது நியாயம்தான். ஆனால் அவருடைய பீரங்கி ஆட்களைக் கூழாக்கியிருக்கும், வெல்ஸின் பொய் யாரையும் நசுக்கவில்லை.

வெல்ஸின் சூட்சுமம் வேறு இடத்தில் இருந்தது. கதை சொல்கிறவன் வியாபாரத்தில் திவாலானவன். நாடகம் எழுதிக் கடனை அடைக்கலாம் என்று கிராமத்தில் வீடெடுத்திருக்கிறான். தினம் சாயங்காலம் ஒரு ஆசாமி ரீங்காரம் போட்டுக்கொண்டே ஜன்னலைக் கடந்து போய் அவனை எழுதவிடாமல் செய்கிறான். அந்தத் தொந்தரவுப் பேர்வழிதான் விஞ்ஞானி கேவர். சரக்கைக் கேட்டதும் நம் ஆளுக்கு முதலில் தோன்றுவது கம்பெனி ஆரம்பித்தால் எவ்வளவு கிடைக்கும் என்பது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் தெரிந்தவர் வெல்ஸ்: பூசணிக்காய் ஒன்றே ஒன்று, சோறு மலைபோல. ஒரு கதைக்கு ஓர் அதிசயம் போதும், எதுவும் நடக்கலாம் என்றால் சுவாரசியம் போய்விடும் என்ற பொருளில் பிற்காலத்தில் அவரே எழுதினார்.

இருவரையும் சேர்த்துக் கலக்கி 1902இல் மெலியே சினிமா எடுத்தார். குண்டு நிலாவின் கண்ணில் குத்துகிறது. நிலாக்காரனைக் குடையால் தட்டினால் புகையாகிறான். திரும்பி வர எரிபொருள்? நிலாவின் விளிம்பிலிருந்து தள்ளிவிட வேண்டியது, பூமி கீழேதானே இருக்கிறது. ஒருவரும் எழுந்து போகவில்லை.

எழுந்து போனவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள். ராபர்ட் கோடார்ட் என்ற பேராசிரியர் ராக்கெட்டால் நிலா வரை போகலாம் என்று நிஜமான ஆய்வறிக்கை எழுதினார். 1920 ஜனவரி 13 அன்று நியூயார்க் டைம்ஸ் தலையங்கத்தில் அவரைக் காய்ச்சியது: வெற்றிடத்தில் உதைத்துத் தள்ள எதுவுமில்லையே, பள்ளிக்கூடப் பாடம்கூடத் தெரியாதா என்கிற தினுசில். வௌவால் மனிதனை விழுங்கிய அதே ஊர். 1969 ஜூலை 17 அன்று, அப்போலோ 11 நிலாவுக்குப் பாதி வழியில் இருக்கும்போது, தவறுக்கு வருந்துவதாகப் பத்திரிகை திருத்தம் போட்டது. கோடார்ட் 1945லேயே போய்ச் சேர்ந்திருந்தார். அவருக்கு எடை எண்களை லாக் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

பிறகு சினிமாக்காரர்கள் காலம். 1929இல் ஃபிரிட்ஸ் லாங் எடுத்த 'நிலாவில் பெண்' படத்துக்கு ராக்கெட் நிபுணர் ஹெர்மன் ஓபெர்த் ஆலோசகர். பூஜ்யம் வரை தலைகீழாக எண்ணும் வழக்கம் அதில்தான் பிரபலமானது. அவ்வளவு கறாராகப் போய் இறங்கிய நிலாவில் மூச்சுவிடக் காற்று இருக்கிறது. பேராசிரியர் ஒரு கவைக்குச்சியைப் பிடித்துக்கொண்டு நீரோட்டம் பார்க்கிறார். 1966இல் ஸ்டார் டிரெக் தொடரில் ஆட்களைக் கரைத்துக் கிரகத்தில் மறுபடி சேர்க்கும் கருவி வந்தது. விஞ்ஞானக் காரணம் ஒன்றுமில்லை, வாரா வாரம் கப்பல் இறங்குவதைப் படம்பிடிக்க பட்ஜெட் இல்லை. அணுவின் இடத்தையும் வேகத்தையும் ஒருசேரத் துல்லியமாக அறிய முடியாதே என்று இயற்பியல்காரர்கள் கேட்டார்கள். பின்வந்த தொடரில் 'ஹைசன்பர்க் ஈடுசெய்யி' என்று ஒரு பெட்டியை வைத்தார்கள். அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டதற்கு, நன்றாகவே வேலை செய்கிறது, நன்றி என்றாராம் தயாரிப்புக் குழுவின் மைக்கேல் ஒகுடா.

ஸ்டார் வார்ஸ் 1977. கதாநாயகன் ஒருவன் தன் கப்பலின் வேகத்தைப் பற்றிப் பெருமையடித்துக்கொள்ளும்போது பன்னிரண்டு பார்செக்குக்குள் ஓட்டினேன் என்கிறான். பார்செக் தூர அளவு. பதறிப்போன ரசிகர்கள் பல வருஷம் வாதாடினார்கள். கருந்துளை ஓரமாகக் குறுக்கு வழியில் போனதால் தூரம் குறைந்தது என்று ஜாமீன் வாங்கிக் கொடுத்தார்கள். 2018இல் அந்த ஆளின் இளமைக் காலத்தைத் தனிப்படமாக எடுத்தபோது, அந்தக் குறுக்கு வழியையும் மெனக்கெட்டுப் படம்பிடித்துக் காட்டினார்கள். நாற்பத்தொரு வருஷம் கழித்து ஒரு வார்த்தைக்குப் பட்டா மாற்றம். அதே படங்களில் காற்றே இல்லாத வெளியில் குண்டு வெடித்தால் தியேட்டர் அதிர்கிறது. அதற்கும் புகார் வந்தது, ஆனால் யாரும் தனிப்படம் எடுக்கவில்லை. விண்வெளியைச் சத்தமில்லாமல் காட்டிய இயக்குநர் குப்ரிக்கின் 1968 படத்திலிருந்து முதல் காட்சிகளிலேயே பலர் எழுந்து போயிருந்தார்கள். அதற்கு அமைதி மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் டிக்கெட் விற்கிறவர்கள் கணக்கு வைத்திருப்பார்கள்.