தீபாவளிக்கு மறுவாரம்

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் விருதுநகர் மாவட்டத்து முத்திரையோடு வந்தவை. எல்லாவற்றிலும் ஒரே கேள்விதான்: வருகிற காசு வாரம் முடிவதற்குள் தீர்ந்துவிடுகிறது, என்ன செய்வது? நானும் அந்தப் பக்கத்துக்காரிதான். அதனால் இந்த வாரப் பக்கத்தைப் பெரும்பாலும் அவர்களுக்கே கொடுத்துவிட்டேன்.

பட்டாசு ஆலைத் தொழிலாளி, சிவகாசி
அக்கா, சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கைச் சேமிக்கச் சொல்கிறார்கள். எங்களுக்கோ சனிக்கிழமைக் கூலிதான். மழை பெய்தால் அதுவும் இல்லை. எதில் ஐந்தில் ஒரு பங்கு?

ஒன்றாம் தேதி சம்பளம் வாங்குகிறவர்களுக்குச் சொன்ன கணக்கு அது. அதை மடித்து வைத்துவிடுங்கள். உங்கள் வருமானத்துக்கு மாதம் கிடையாது, பருவம்தான் உண்டு. சித்திரை, வைகாசி வெயிலில் மருந்து நன்றாகக் காயும், வேலை ஓடும். தீபாவளி நெருங்கினால் கைக்கு ஓய்விருக்காது. பண்டிகைக்குச் சில நாள் முன்னால் ஆலையை மூடினால், பூஜை போட்டுத் திறக்க ஆலைக்கு ஆலை வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் அடைமழை பிடித்துக்கொள்ளும்.

ஒரு கணக்குப் போடுவோம். வாரம் 3,000 ரூபாய் வீட்டுக்கு வருகிறது என்று வையுங்கள். வருஷத்தில் 44 வாரம் வேலை, 8 வாரம் சும்மா. மொத்தம் 1,32,000. இதை 52 வாரத்துக்குப் பிரித்தால் 2,538 ரூபாய்தான் வருகிறது. ஆக, உங்கள் வாரச் சம்பளம் 2,500 என்றே மனதில் பதித்துக்கொள்ளுங்கள். மிச்சம் 500 கார்த்திகை மாசத்து அடுப்புக்குச் சொந்தம். அதற்கென்று தனியாக ஒரு அஞ்சலகக் கணக்கு தொடங்கி, திங்கட்கிழமை காலையில் போட்டுவிடுங்கள். 44 வாரத்தில் 22,000 சேரும். வேலையில்லாத எட்டு வாரத்தையும் வாரம் 2,500 வீதம் ஓட்டினால் 20,000 ஆகும். கையில் 2,000 நிற்கும்.

500 முடியாதென்றால் 200 போடுங்கள். 8,800 சேரும்; எட்டு வாரத்துக்கு வாரம் 1,100. மளிகைக்குக் கடன் சொல்ல வேண்டியிருக்காது.

2018 அக்டோபர் 23-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை சொன்ன பிறகு சிவகாசியில் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. அன்றைக்கு எந்த வீட்டில் வட்டிக்காரர் வாசலில் நிற்கவில்லை என்று யோசித்துப் பாருங்கள். இப்படிக் கொஞ்சம் ஒதுக்கி வைத்திருந்த வீடாகத்தான் இருக்கும்.

தீப்பெட்டி ஆலைத் தொழிலாளி, சாத்தூர்
போனஸ் வந்ததும் முதலில் துணியா, பலகாரமா, கடனா?

வட்டி அதிகமான கடன். அடுத்து பிள்ளைகளுக்குத் துணி. பலகாரத்துக்கு வீட்டு அதிரசம் போதும்.

பாக்கெட் போடும் தொழிலாளி, திருத்தங்கல்
பத்தாயிரம் ரூபாய்க் கடனுக்கு 1,500 பிடித்துக்கொண்டு 8,500 தருகிறார்கள். பத்து வாரம், வாரம் ஆயிரம். ‘நூற்றுக்குப் பதினைந்துதானே’ என்கிறார் வீட்டுக்காரர். சரிதானா அக்கா?

சரியில்லை தங்கச்சி. இந்தக் கணக்கை அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

உங்கள் கைக்கு வந்தது 8,500. முதல் வாரமே ஆயிரம் திரும்பிப் போகிறது, அடுத்த வாரம் இன்னொரு ஆயிரம். பத்து வாரத்தையும் சராசரி பார்த்தால் உங்களிடம் நின்ற பணம் சுமார் 4,700 ரூபாய்தான். அதற்கு 1,500 வட்டி. பத்து வாரத்துக்கே நூற்றுக்கு 32 ஆகிறது. வருஷக் கணக்கில் நூற்றுக்கு 160-ஐத் தாண்டும். ‘இரண்டு வட்டி’ என்று நாம் பயந்து பேசுவதே வருஷத்துக்கு 24 தான்.

இந்தக் கடனை அடைக்க இன்னொரு வாரக்கடன் வாங்காதீர்கள். கம்மலோ மோதிரமோ இருந்தால் கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் வாங்கி இதை ஒரேயடியாக முடியுங்கள். வட்டி இதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. நகை இல்லையா, மகளிர் சுய உதவிக் குழுவில் உள்கடன் கேளுங்கள். குழுக்கடன் கொடுக்கும் நிதி நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி 2022-இல் விதி போட்டிருக்கிறது: ஒரு குடும்பம் கட்டும் எல்லாத் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது, காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் தொந்தரவு செய்யக்கூடாது, முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. இரவில் வாசலில் உட்கார்ந்து சத்தம் போட்டால் பயப்படாமல் இந்த விதியைச் சொல்லுங்கள். கந்துவட்டிக்குத் தமிழ்நாட்டில் 2003-லேயே தடைச் சட்டம் இருக்கிறது. மிரட்டிக் கடன் வசூலிப்பதற்கு எதிராக 2025-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது.

செலவைக் குறைக்க வழி கேட்டு எழுதிய எல்லோருக்கும் சொல்கிறேன். சோற்றிலும் பாலிலும் கை வைக்கும் முன் வட்டியில் கை வையுங்கள். இப்படி ஒரு வாரக்கடனை ஒழித்தாலே 1,500 ரூபாய் மிச்சம்.

இல்லத்தரசி, வெம்பக்கோட்டை
வீட்டிலேயே பட்டாசுக்குக் கருந்திரி செய்து கொடுத்தால் நல்ல காசு என்கிறார்கள். பிள்ளைகள் தூங்கிய பிறகு செய்யலாமா?

கூடாது. தயவுசெய்து வேண்டாம்.

காகிதக் குழாய் உருட்டுவது வேறு, மருந்தைத் தொடுவது வேறு. மருந்து இருக்கும் அறை தனியாக, மண்மேடோ சுவரோ மறைத்து, ஆள் கணக்கும் மருந்துக் கணக்கும் வைத்துத்தான் இயங்க வேண்டும் என்று சட்டம் சொல்வதற்குக் காரணம் உரசலே போதும் என்பதுதான். அடுப்பும் சுவிட்சும் தூங்கும் பிள்ளையும் இருக்கிற வீட்டில் அந்த ஏற்பாடு எதுவும் கிடையாது. உரிமம் இல்லாமல் செய்தால் வழக்கும் ஜெயிலும். 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தை நம் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. கூடுதல் காசு வேண்டுமென்றால் அட்டைப்பெட்டி ஒட்டலாம், காலண்டர் சீசனில் அச்சகத்துக்குத் தாள் மடித்துக் கொடுக்கலாம். கூலி குறைவுதான். உயிருக்குப் பயமில்லை.

சில்லறைக் கடைக்காரர், விருதுநகர்
எங்கள் ஆச்சி பிடி அரிசி பிடித்தே குடும்பத்தை நிமிர்த்தியதாகச் சொல்வார். இன்றைக்கு அது செல்லுமா?

உங்கள் ஊர்க்காரர் கேட்க வேண்டிய கேள்விதான் அண்ணாச்சி.

உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடி அள்ளித் தனிப்பானையில் போடுவது விருதுநகர் வீடுகளின் பழக்கம். அந்த அரிசியை வீடு வீடாகத் திரட்டி, வியாபாரிகள் பொதுக் காரியத்துக்கென்று ஒதுக்கிய மகமையோடு சேர்த்துத்தான் சத்திரிய வித்யாசாலா பள்ளியை நடத்தினார்கள். காமராஜர் படித்தது அங்கேதான். அந்தப் பள்ளிக்கு எந்த அம்மாவும் பெரிய தொகை கொடுக்கவில்லை. ஒரு பிடிதான், ஆனால் தினமும்.

அந்த முறையில் இருக்கும் புத்திசாலித்தனத்தைப் பாருங்கள். சமைத்து மிச்சமானதை எடுத்து வைக்கவில்லை. சமைக்கும் முன்பே எடுத்தார்கள். பானையில் அரிசி குறைந்தது சாப்பிடுகிறவருக்குத் தெரியவே தெரியாது. காமராஜரின் அம்மா சிவகாமி அம்மாளும் இதே மண்ணின் கணக்குக்காரிதான். கணவர் இறந்தபோது மகன் சின்னப் பிள்ளை. காதணியைத் தவிர மற்ற நகைகளை விற்று, அந்தப் பணத்தை உள்ளூர் வியாபாரியிடம் கொடுத்து வைத்து, மாதாமாதம் வரும் வட்டியில் குடும்பத்தை நடத்தினார். முதலைத் தொடவில்லை.

இன்றைக்கு ரேஷனில் அரிசி இலவசம். அரிசியைப் பிடித்து வைத்தால் வண்டுதான் தின்னும். காலையில் பை எடுத்துக் கடைக்குக் கிளம்பும் முன் 20 ரூபாயை டப்பாவில் போடும்படி வீட்டில் சொல்லுங்கள். வருஷத்துக்கு 7,300. மாலையில் மிச்சமிருந்தால் போடலாம் என்றால் அந்த 20 ரூபாய் ஒருநாளும் மிஞ்சாது.

கல்லூரி மாணவி, அருப்புக்கோட்டை
கம்பு, குதிரைவாலிக்கு மாறினால் செலவு குறையுமா?

உடம்புக்கு நல்லது. ஆனால் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். ரேஷன் அரிசிக்குக் காசே இல்லை. வாரம் இரண்டு நாள் கம்பங்கூழ் போதும். செலவு குறைய வேண்டுமென்றால் ரேஷனில் 30 ரூபாய் துவரம்பருப்பையும் 25 ரூபாய் பாமாயிலையும் ஒரு மாசம்கூட விடாதீர்கள். கொத்தவரங்காயும் மிதுக்கங்காயும் மலிவாகக் கிடைக்கும்போது வத்தல் போட்டு வையுங்கள். கரிசக்காட்டு வெயிலை நாம் திட்டுகிறோம். அதுபோல வத்தல் காயவைக்கும் வெயில் வேறு எங்கே இருக்கிறது?

இரண்டு பிள்ளைகளின் தாய், மல்லி
பிள்ளைகளுக்கு முட்டையை நிறுத்திவிட்டேன். மாசம் கொஞ்சம் மிச்சமாகிறது.

நாளைக்கே மறுபடி வாங்குங்கள். வளரும் பிள்ளையின் தட்டில் மிச்சம் பிடித்தால் அந்தக் காசு பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகும். அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள் என்றால் பள்ளி நாட்களில் சத்துணவில் முட்டை உண்டு. தொடக்கப் பள்ளி என்றால் 2022-இல் மதுரையில் தொடங்கிய காலை உணவும் உண்டு. ‘நம்ம பிள்ளை அங்கே சாப்பிடுவதா’ என்று கூச்சப்படும் வீடுகளை எனக்குத் தெரியும். பிடி அரிசிப் பள்ளியில் படித்தவர்தான் முதலமைச்சரானதும் பள்ளிக்கூடங்களில் மதிய உணவு போட்டார். கூச்சத்துக்கு இதில் இடமே இல்லை. விடுமுறை நாளைக்கு மட்டும் முட்டை வாங்குங்கள், செலவு தானே குறையும். உங்கள் தட்டிலும் ஒன்று இருக்கட்டும். பெண்கள் எழுதும் கடிதங்களில் முதலில் வெட்டுப்படுவது அவர்களுடைய சாப்பாடுதான். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு வலிக்கிறது.

மில் தொழிலாளி, ராஜபாளையம்
கரண்ட் பில் ஒரு தடவை 1,700, இன்னொரு தடவை 2,000. அவ்வளவு வித்தியாசமாக எதுவும் ஓட்டவில்லையே?

500-ஐத் தாண்டியிருப்பீர்கள். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட் வரை ஒரு விகிதம். 501 ஆனால் கீழே உள்ள யூனிட்டுக்கும் சேர்த்து விகிதம் மாறிவிடும். 2022 செப்டம்பர் கட்டணப்படி 500-க்கு 1,725 ரூபாய், 501-க்கு 1,958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! பிறகு கட்டணம் கொஞ்சம் ஏறியிருக்கிறது, அந்தப் பள்ளம் அப்படியேதான் இருக்கிறது. ரீடிங் எடுக்கப் பத்து நாள் இருக்கும்போது நீங்களே மீட்டரைப் பாருங்கள். 420-ஐத் தாண்டியிருந்தால் அந்தப் பத்து நாள் அயர்ன் பெட்டியும் வாட்டர் ஹீட்டரும் ஓய்வெடுக்கட்டும். அடுத்த முறை ஃபேன் மாற்றும்போது 30 வாட் ஃபேன் வாங்குங்கள். பழைய 75 வாட் ஃபேனோடு ஒப்பிட்டால், நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடினாலும் இரண்டு மாதத்துக்கு 27 யூனிட் மிச்சம்.

ஆலைத் தொழிலாளி, ஆனையூர்
இ.எஸ்.ஐ. பிடித்தம் வீண்தானே? கையில் கொடுத்தால் ஆகாதா?

3,000 ரூபாய்க் கூலியில் உங்கள் பங்கு 22 ரூபாய் 50 காசு. முதலாளி போடுவது 97 ரூபாய் 50 காசு. வைத்தியத்துக்குச் சிவகாசியிலேயே இ.எஸ்.ஐ. மருத்துவமனை. நோயில் படுத்தால், தேவையான நாள் சந்தா கட்டியிருந்தால், வருஷத்தில் 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம். 22 ரூபாய்க்கு இவ்வளவு தரும் சீட்டு எந்த ஊரிலும் கிடையாது. பிடித்தம் செய்கிறார்களா என்று சரிபாருங்கள்; செய்யாவிட்டால்தான் நஷ்டம்.

இல்லத்தரசி, ஸ்ரீவில்லிபுத்தூர்
தீபாவளிப் பலகாரச் சீட்டுப் போடலாமா?

எங்கள் தெருவில் ஒருவரை நம்பி நாங்கள் பன்னிரண்டு பேர் வருஷம் முழுக்கக் கட்டினோம். புரட்டாசியில் வீடு பூட்டிக் கிடந்தது. அம்மா அந்தத் தீபாவளிக்குப் பழைய சேலைதான் கட்டினாள். ஏலச்சீட்டு என்றால் 1982-ஆம் வருஷச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண் கேளுங்கள். பலகாரச் சீட்டு வேண்டவே வேண்டாம். அதே காசை வங்கியில் ஒரு வருஷத் தொடர் வைப்பில் போட்டால் வட்டியோடு வரும், பலகாரத்தையும் உங்களுக்குப் பிடித்த கடையில் வாங்கலாம்.

வெளியூர் வாசகர், கோயம்புத்தூர்
சிவகாசிப் பட்டாசு 80 சதவீதத் தள்ளுபடி என்று போனில் விளம்பரம் வருகிறது. வாங்கலாமா?

ஆன்லைன் பட்டாசு விற்பனைக்கு 2018-லேயே உச்ச நீதிமன்றத் தடை உண்டு. முன்பணம் அனுப்பி ஏமாந்தவர்கள் நிறைய. தள்ளுபடி சதவீதத்தைப் பார்க்காதீர்கள். ‘கடைசி விலை என்ன’ என்று கேளுங்கள். உரிமம் உள்ள உள்ளூர்க் கடையில், பிள்ளைகள் விரும்பும் நாலு ரகம் மட்டும் வாங்குங்கள். கிஃப்ட் பாக்ஸில் பாதி அவர்கள் தொடாத ரகமாக இருக்கும்.

பிளஸ் டூ மாணவியின் தந்தை, காரியாபட்டி
மகளைக் கல்லூரிக்கு அனுப்பினால் செலவு. வேலைக்கு அனுப்பினால் வரவு. என்ன செய்ய?

கல்லூரிக்கு அனுப்புங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். சாதாரண கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. இன்றைக்கு வேலைக்கு அனுப்பினால் கிடைப்பது ஒரு சனிக்கிழமைக் கூலி. படித்தால் ஒன்றாம் தேதிச் சம்பளம்.

பள்ளி ஆசிரியை, சாத்தூர்
கேஸ் லைட்டர் வாங்கினால் தீப்பெட்டிச் செலவு மிச்சம்தானே?

2021 டிசம்பரில் தீப்பெட்டி ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாய் ஆனது. 14 வருஷம் கழித்து ஏறிய விலை அது. மாசத்துக்கு நாலு பெட்டி என்றாலும் எட்டு ரூபாய். லைட்டர் வாங்கினால் அதுகூட மிஞ்சும்தான். நான் தீப்பெட்டிதான் வாங்குகிறேன். உங்கள் வகுப்பில் கை தூக்கச் சொல்லிக் கேளுங்கள், எத்தனை பிள்ளைகளின் அம்மா குச்சி அடுக்கப் போகிறார்கள் என்று.